எம்டன் மூழ்கடித்த வரைபடங்கள்

எளிதில் ஏமாற்ற முடியாத ஆளை, சத்தமில்லாமல் வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போகிற ஆளை, 'அவன் சரியான எம்டன்' என்று தமிழ்நாட்டில் சொல்வார்கள். அந்தப் பெயர் நம் பேச்சுக்குள் நுழைந்தது 1914 செப்டம்பர் 22 இரவு. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரைக்கு எதிரே வந்து நின்று சுமார் 130 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. நகரத்து மக்கள் மூட்டை முடிச்சோடு வெளியூர்களுக்குக் கிளம்பினார்கள். உயர்நீதிமன்ற மதிலருகே பதித்திருக்கும் கல்வெட்டு அந்த இரவை இன்றும் நினைவூட்டுகிறது.

அடுத்த மாதம் அதே எம்டன் செய்த இன்னொரு காரியம் சென்னையில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அக்டோபரில், மினிக்காய்த் தீவுக்கு மேற்கே, 'கிளான் கிராண்ட்' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை அது மடக்கி மூழ்கடித்தது. அந்தக் கப்பலில் சென்னைக்காக வந்துகொண்டிருந்த பெட்டிகள் இருந்தன. பெட்டிகளுக்குள் நகரங்கள் இருந்தன. ஏதென்ஸ், ரோம், இடைக்கால ஐரோப்பாவின் மதில் சூழ்ந்த ஊர்கள், எடின்பரோ என்று ஒவ்வொன்றும் வரைபடமாகவும் செதுக்கோவியமாகவும் ஒளிப்படமாகவும் கட்டி அடுக்கப்பட்டிருந்தன. 1913-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து உலகக் கண்காட்சியில் தலைமைப் பரிசு வாங்கிய தொகுப்பு அது. அத்தனையும் கடலுக்கு அடியில் போயின.

அவற்றைப் பல ஆண்டுகள் அலைந்து சேர்த்தவர் பேட்ரிக் கெடிஸ். வேறு கப்பலில் வந்ததால் தப்பித்தார். மகன் அலஸ்டேருடன் இந்தியாவில் இறங்கியிருந்த அவருக்கு அப்போது வயது 60.

பெட்டிகள் போனால் என்ன, வேறு சேர்க்கலாம் என்று பிரிட்டனிலிருந்த நண்பர்கள் இறங்கி வேலை செய்தார்கள். போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், சில வாரங்களில், புதிய வரைபடங்களும் படங்களும் திரட்டி அனுப்பப்பட்டன. 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் அந்த இரண்டாவது கண்காட்சி திறந்தது. பட்டமளிப்பு விழாவுக்கு மட்டுமே பலர் நுழைந்து பார்த்திருந்த மண்டபத்தில், சுவர் சுவராக ஊர்கள் தொங்கின. நகரத்தை ஒரு பாடமாக எடுத்துப் படிக்கலாம், ஆராயலாம் என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குள் பொதுமக்கள் கண்ணெதிரே வந்து நின்ற நாள்கள் அவை.

கெடிஸ் கட்டடக் கலைஞர் அல்லர், பொறியாளரும் அல்லர். ஸ்காட்லாந்தில் பிறந்து, லண்டனில் டி. எச். ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்து, டண்டியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். 1879-ல் ஆய்வுக்காக மெக்சிகோ போன இடத்தில் கண்பார்வை கெட்டு, வாரக்கணக்கில் இருட்டறையில் கிடக்க நேர்ந்தது. நுண்ணோக்கியை வாழ்க்கையாகக் கொள்ள நினைத்த இளைஞனுக்கு அதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. சன்னல் சட்டத்தின் கட்டங்களை விரலால் தடவித் தடவி, எண்ணங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பார்வை திரும்பியது, ஆனால் நுண்ணோக்கியில் நீண்ட நேரம் உட்கார முடியவில்லை. அதன்பின் சாகும்வரை காகிதத்தை ஒன்பது கட்டமாக மடித்து, இடம், தொழில், மக்கள் என்ற மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதே அவருடைய சிந்திக்கும் முறையாக இருந்தது.

ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டு என்று ஒரு படம் வரைந்தார். மலையில் தொடங்கிக் கடலில் முடியும் நிலம். மலையில் சுரங்கத் தொழிலாளி, காட்டில் மரம் வெட்டுபவனும் வேட்டைக்காரனும், மேய்ச்சல் நிலத்தில் ஆயன், சமவெளியில் உழவன், கடலோரத்தில் மீனவன். நிலம் தொழிலைத் தருகிறது. தொழில் மனிதரின் குடும்பத்தையும் வழக்கத்தையும் வழிபாட்டையும் வடிக்கிறது. அவர்கள் எல்லோரும் தம் பொருளோடு வந்து கூடும் இடம்தான் நகரம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று படித்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்தப் படத்தை விளக்கவே வேண்டியதில்லை. மேல்நாட்டு நகரத் திட்டப் பாடநூல்கள் இருபதாம் நூற்றாண்டின் புது வெளிச்சமாகக் கொண்டாடும் ஒரு கருத்தை, நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற பகுப்பை ஊரைப் படிக்கும் கருவியாக நம்முடைய பொறியியல் வகுப்புகளில் ஒருமுறையாவது எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்ற ஏக்கம் எழுவதைத் தவிர்க்க முடியவில்லை.

சொல்வதை முதலில் தன் உடம்பில் சோதித்தவர் கெடிஸ். 1886-ல் அன்னா மார்ட்டனை மணந்ததும், எடின்பரோவின் பழைய ஊரில், ஏழைகள் நெரிசலாக வாழ்ந்த ஜேம்ஸ் கோர்ட் என்ற கட்டடத்துக்குக் குடிபோனார். கணவனும் மனைவியும் சுவர் தேய்த்தார்கள், வெள்ளையடித்தார்கள், சன்னல்களில் பூந்தொட்டி வைத்தார்கள். அக்கம்பக்கத்தார் கைகொடுக்க வந்தார்கள். இடிந்த ஒன்றிரண்டு பகுதிகளை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் செடி நட்டார்கள். தெருவையே இடித்துத் தள்ளுவதற்குப் பதில், நோயுள்ள இடத்தை மட்டும் அறுத்துவிட்டு மற்றதைக் காப்பாற்றும் முறை. 'காக்கும் அறுவை' என்று அதைத் தமிழில் சொல்லலாம். 1892-ல் அதே ஊரில் ஒரு கோபுரத்தை வாங்கினார். உச்சியிலிருந்த இருட்டறையில், வெள்ளை மேசைமீது எடின்பரோவின் தெருக்கள் உயிரோடு அசைவதை ஆடிகளின் உதவியால் பார்க்கலாம். பார்த்துவிட்டு ஒவ்வொரு தளமாக இறங்கி வந்தால் நகரம், நாடு, உலகம் என்று பாடம் விரியும்.

அவரைச் சென்னைக்கு அழைத்தவர் ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு. 1912-ல் இங்கே பதவியேற்குமுன் பிரிட்டிஷ் அரசில் ஸ்காட்லாந்து விவகார அமைச்சராக இருந்தவர். அழைத்த வேளை முக்கியமானது. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியதிலிருந்து இந்திய நகரங்கள் அரசுக்கு அச்சமூட்டும் இடங்களாகிவிட்டன. 1898-ல் பம்பாயிலும், 1911-ம் ஆண்டுச் சட்டத்தின்படி கல்கத்தாவிலும் நகர மேம்பாட்டு அமைப்புகள் வந்தன. நெருக்கமான பகுதியின் வரைபடத்தை விரிப்பது, அதன்மேல் அடிக்கோல் வைத்து நேர்க்கோடு இழுப்பது, கோடு போன இடத்திலுள்ள வீடுகளை இடிப்பது. காற்றோட்டம் வரும், நோய் போகும் என்பது கணக்கு. இடிபட்ட வீட்டுக்காரர்கள் பக்கத்துத் தெருவில் போய் இன்னும் நெருக்கிக்கொண்டு குடியிருந்தார்கள் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

கெடிஸ் 1914–15-ல் சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றை நடந்தே பார்த்தார். கையில் வரைபடம், கூடவே நகராட்சி ஆட்கள், விடியலில் தொடங்கும் நடை. பார்த்ததை ஊர்வாரியாக அறிக்கையாக எழுதினார்.

தஞ்சாவூர் அறிக்கையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கோட்டைக்குள்ளே நெருக்கமான ஒரு பகுதி. அங்கே குறுக்கும் நெடுக்குமாக நேர்த்தெருக்கள் போட நகராட்சித் தரப்பில் ஒரு திட்டம் இருந்தது. வரைபடத்தில் பார்க்க அழகு. சதுரங்கப் பலகை மாதிரி. கெடிஸ் அந்தப் பலகையை ஒதுக்கிவிட்டுச் சந்துகளுக்குள் போனார். எந்த வீடு உறுதியாக நிற்கிறது, எது பாழடைந்து யாரும் குடியில்லாமல் கிடக்கிறது, எந்த மரத்தடியில் ஆட்கள் உட்காருகிறார்கள், சின்னக் கோயில் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். குறித்து முடித்தபோது வரைபடமே பேசியது. பாழான வீடுகளை மட்டும் எடுத்தால் போதும். ஏற்கனவே இருக்கும் சந்துகளை அங்கங்கே கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும். கிடைக்கும் சிறு திறந்தவெளிகளில் மரம் வைத்தால் பிள்ளைகள் விளையாடவும் பெண்கள் நின்று பேசவும் நிழல் கிடைக்கும். நல்ல வீடுகள் அப்படியே நிற்கும், குடியிருப்பவர்கள் வெளியேற வேண்டாம். இதற்கு ஆகும் செலவு நேர்த்தெருத் திட்டத்தின் செலவில் ஆறில் ஒரு பங்கு என்று கணக்கும் காட்டினார்.

அறத்தையும் சிக்கனத்தையும் ஒரே தாளில் எழுதிக்காட்டிய அறிக்கை அது. இன்றைக்கும் ஏதாவதொரு சாலை விரிவாக்கத்தில் வீடிழக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம், இந்த ஆறில் ஒரு பங்கு கணக்கை யாராவது போட்டுப் பார்த்தார்களா என்ற கேள்விதான் முதலில் எழுகிறது.

கோயில் நகரங்கள் அவரைக் கட்டிப்போட்டன. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயரிலேயே சதுரம் சதுரமாக விரியும் மதுரையின் வீதிகளை அவர் தெரு என்று மட்டும் பார்க்கவில்லை. ஆண்டு முழுவதும் இயங்கும் ஒரு நாள்காட்டியாகப் பார்த்தார். தேர் ஓட வேண்டும் என்றால் வீதி அகலமாக இருக்க வேண்டும், முனையில் திரும்ப இடம் வேண்டும், ஆக்கிரமிப்பு கூடாது, பள்ளம் மேடு இல்லாமல் ஆண்டுக்கொருமுறை சீர்செய்ய வேண்டும். எந்த நகராட்சிச் சட்டமும் இல்லாத நூற்றாண்டுகளில் தேர்தான் வீதியைக் காத்தது. காஞ்சிபுரத்தின் அமைப்பைப் பார்த்துவிட்டு, இதற்கு இணையாக இன்றும் உயிரோடிருக்கும் நகர அமைப்பு இந்தியாவிலோ வெளியிலோ தமக்குத் தெரியவில்லை என்ற பொருள்பட எழுதினார். 1919-ல் 'மாடர்ன் ரிவியூ' இதழில் கோயில் நகரங்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

மதுரைக்கு அதற்குமுன்பே ஒரு நகரத் திட்டம் நடந்திருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன், பயனற்றுப்போன கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்க ஆள் தேடினார். அந்த வேலையைச் செய்பவர்களுக்கு அந்த நிலத்தையே தருவதாகச் சொன்னார். பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி, வெளி வீதிகள் எல்லாம் அப்படிப் பிறந்தவை. மேஸ்திரியின் பெயர் ஒரு பெரிய வீதிக்கு நிலைத்திருக்கிற நகரம் மதுரை. மதில் போனது, ஆனால் உள்ளே இருந்த வீதிகளின் ஒழுங்கு கலையாமல், அதே சதுரத்துக்கு வெளியே இன்னொரு சதுரமாக ஊர் வளர்ந்தது.

தண்ணீரைப் பற்றி கெடிஸ் எழுதியது அந்தக் காலத்துச் சுகாதார அதிகாரிகளுக்கு உவப்பாக இருந்திருக்காது. மலேரியாவுக்குப் பயந்து ஊர்க் குளங்களைத் தூர்ப்பதுதான் அப்போது மருந்து. குளத்தை மூடாதீர்கள், மீன் விடுங்கள், வாத்து விடுங்கள், கொசுப் புழுவை அவை பார்த்துக்கொள்ளும் என்றார் அவர். குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது என்பதற்காகப் பழைய கிணறுகளைக் கைவிடுவதும் தவறு. எந்தக் குழாய் அமைப்பும் ஒருநாள் பழுதாகும், அன்றைக்கு உயிர்காக்கப் போவது முன்னோர் விட்டுச்சென்ற கிணறுதான் என்று எச்சரித்தார். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்காகச் சென்னைத் தெருக்களில் குடங்களை வரிசை வைத்து இரவெல்லாம் காத்திருந்தவர்களுக்கு இதன் பொருள் நன்றாகவே தெரியும்.

சென்னையிலிருந்து அவர் மற்ற மாகாணங்களுக்கும் சமஸ்தானங்களுக்கும் போனார். இந்தூரில் நடந்தது ஒரு கதை மாதிரி இருக்கும். பிளேக்கில் தவித்த அந்த ஊரில், தீபாவளிக்கு ஒரு பெரிய ஊர்வலம் நடத்த ஏற்பாடு செய்தார். எந்தத் தெருக்கள் சுத்தமாக இருக்கின்றனவோ அந்த வழியாகத்தான் ஊர்வலம் வரும் என்று அறிவித்துவிட்டார். வீடுகள் வெள்ளையடிக்கப்பட்டன, குப்பை வண்டி வண்டியாக ஊருக்கு வெளியே போனது. ஊர்வலத்தில் அழுக்கு அரக்கனும், பிளேக்கைச் சுமக்கும் ராட்சத எலியும் உருவமாக வந்தன. துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடுத்தி மாலை அணிந்து நடந்தார்கள். கடைசியில் அரக்கனையும் எலியையும் கொளுத்தினார்கள். சாதியால் கீழே தள்ளப்பட்ட தொழிலாளிகளை நகரத்தின் நடுவீதியில் மாலையோடு நடக்கவைத்த அந்த ஒரு நாள், அவருடைய எல்லா அறிக்கைகளையும்விட எடை கூடியது என்று சொல்லத் தோன்றுகிறது.

1917 அவரை உடைத்த ஆண்டு. போருக்குப் போயிருந்த அலஸ்டேர் ஏப்ரலில் பிரான்சில் குண்டுபட்டு இறந்தார். அப்போது அன்னா இந்தியாவில் காய்ச்சலில் படுத்திருந்தார். மகனின் சாவை அவரிடம் சொல்லாமல், பழைய கடிதங்களை வாசித்துக்காட்டி கெடிஸ் நாள்களைக் கடத்தினார். சில வாரங்களில் அன்னாவும் போய்விட்டார். அதற்குப் பிறகு எழுதி, 1918-ல் இரண்டு தொகுதிகளாக வந்த இந்தூர் அறிக்கைதான் அவருடைய இந்திய வேலைகளிலேயே பெரியது.

கெடிஸ் கண்காட்சி வைத்த அதே 1915-ல் அதே பல்கலைக்கழகத்துக்கு இன்னொருவர் வந்து சேர்ந்தார். கில்பர்ட் ஸ்லேட்டர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர். ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்காக நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்துக் கிராமங்களின் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டு உழவர் கையைவிட்டுப் போன வரலாற்றை நூலாக எழுதியவர். அவர் வகுப்பெடுக்க உட்கார்ந்தபோது, இந்தியக் கிராமத்தைப் பற்றி மாணவருக்குச் சொல்ல நம்பகமான தரவு கையில் போதவில்லை. அதைத் திரட்ட அவர் கண்ட வழி எளியது. கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் கொடுத்தார். உன் ஊரில் எத்தனை வீடு, யாருக்கு எவ்வளவு நிலம், எத்தனை மாடு, பண்ணையாளுக்கு என்ன கூலி, எவ்வளவு கடன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சொந்த ஊரையே முதன்முறையாக ஓர் அந்நியனைப் போலப் பார்த்து எண்ணிவிட்டு வந்தார்கள் அந்தப் பிள்ளைகள்.

அந்தக் கணக்குகள் 1918-ல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற பொருள் தரும் ஆங்கிலத் தலைப்பில் நூலாயின. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டான், பாலாற்றுப் பக்கம் தூசி, தஞ்சைப் பகுதியின் பாலக்குறிச்சி, சிவகாசிப் பக்கம் வடமலைபுரம். இவை ஆய்வுலகில் இன்றும் 'ஸ்லேட்டர் கிராமங்கள்' என்றே அழைக்கப்படுகின்றன. 1930-களில் பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு ஆள் அனுப்பி மறுபடி எண்ணச் செய்தார்கள். 1971-ல் மால்கம் ஆதிசேஷய்யா தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், 1980-களில் மீண்டும் அங்கே போனது. இருவேல்பட்டுக்குப் போனவர்களில் ஒருவர் எஸ். குகன், தமிழ்நாட்டின் நிதிச் செயலாளராக இருந்துவிட்டு ஆய்வுக்கு வந்தவர். ஏழைகளுக்கான சமூகப் பாதுகாப்பைப் பற்றி விரிவாக எழுதியவர். கோப்புகளில் கையெழுத்திட்ட கை, பிறகு கிராமத்து வீடுகளின் கணக்கை எழுதியது.

2008-ல் ஆய்வாளர்கள் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் இருவேல்பட்டுக்குப் போனபோது அவர்கள் கையில் 92 ஆண்டுக் கணக்கு இருந்தது. ஊரையே கைக்குள் வைத்திருந்த பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் பிடி தளர்ந்திருந்தது. தலித் குடும்பங்கள் வேலைக்கும் கூலிக்கும் ஒரே வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை என்றாகியிருந்தது. ரேஷன் அரிசி பசியின் கூர்மையை மழுக்கியிருந்தது. ஆனால் நிலம் எளிதில் கைமாறிவிடவில்லை. இந்த முடிவுகள் ஒரு தடவை போய்ப் பார்த்து வருபவருக்குக் கிடைக்காதவை. ஒரே கேள்வியை ஒரே ஊரில் நான்கு தலைமுறைக்குக் கேட்டதால் கிடைத்தவை. ஜெயரஞ்சன் 2021-ல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவின் துணைத் தலைவரானார். ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் மாணவர் கையில் கொடுத்த கேள்வித்தாளிலிருந்து அரசின் கொள்கை மேசைவரை ஒரு கோடு இழுக்க முடிகிறது என்றால், அது இந்த ஊர்களின் வழியாகத்தான் போகும்.

கெடிஸ் நடந்த ஊர்களுக்கு அந்தக் கொடுப்பினை அமையவில்லை. ஸ்லேட்டர் கிராமங்கள் என்று சொல்வதுபோல் 'கெடிஸ் நகரங்கள்' என்ற பெயர் நம்மிடையே புழக்கத்தில் இல்லை.

அவரோடு சென்னை மாகாணத்தில் வேலை செய்த கட்டடக் கலைஞர் எச். வி. லான்செஸ்டர், 1918-ல் சென்னை மாகாணத்து நகரத் திட்டம் பற்றி நூல் எழுதினார். 1920-ல் சென்னை நகரத் திட்டச் சட்டம் வந்தது. சட்டத்துக்குப் பின்னால் ஓர் உண்மையான நெருக்கடி இருந்தது. நகரத்தின் மக்கள்தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டியிருந்தது, நடுத்தரக் குடும்பங்களுக்கு வாடகை வீடு கிடைப்பதே பாடாக இருந்தது. இடம் தேடியவர்களின் கண் மேற்கே நீண்டு கிடந்த ஏரிமேல் விழுந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை பரவியிருந்த அந்த நீண்ட ஏரியின் மாம்பலம் பகுதியை 1920-களில் வடித்து மனைகள் போட்டார்கள். நீதிக்கட்சி ஆட்சியின் காலம் அது. 1925-ல் மறைந்த அக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் புதிய நகருக்கு வைக்கப்பட்டது. நடுவே பூங்கா, அதற்கு முதலமைச்சர் பனகல் அரசரின் பெயர். பூங்காவைச் சுற்றிய தெருக்களுக்கு உஸ்மான், பசுல்லா, ஜி. என். செட்டி என்று அந்தக் காலத்து ஆட்சியோடு தொடர்புள்ளவர்களின் பெயர்கள்.

தியாகராய நகரை அழகாகத்தான் வரைந்திருந்தார்கள். மையத்தில் பசுமை, அகலமான வீதிகள், ஒவ்வொரு வீட்டுக்கும் தோட்டம். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது நல்ல வாழ்க்கையைத் தந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் சட்டம் வந்த வேகத்தில், சட்டத்துக்கு முன்னால் வர வேண்டியது பின்தங்கிவிட்டது. முதலில் ஊரைப் பார், பிறகு திட்டம் போடு என்பது கெடிஸ் ஓயாமல் சொன்ன பாடம். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பார்ப்பது அந்தப் பார்வையின் முதல் வரி. கோடு போடும் உரிமையைச் சென்னை எடுத்துக்கொண்டது. நடந்து பார்க்கும் பொறுமையை எடுத்துக்கொள்ளவில்லை. 1925-ல் ஏரியின் கரையோரத்தில் லயோலா கல்லூரி வந்தது. மிஞ்சியிருந்த நுங்கம்பாக்கத்து நீரும் பின்னால் மண்ணுக்குள் போனது. 1971-ல் நகர் ஊரமைப்புச் சட்டம், 1975-ல் முதல் பெருந்திட்டம், 2008-ல் இரண்டாவது பெருந்திட்டம் என்று தாள்கள் அடுக்கடுக்காக வந்தன.

கெடிஸ் 1920 சட்டத்துக்கு முன்பே பம்பாய்க்குப் போய்விட்டார். 1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் சமூகவியல், குடிமையியல் துறையைத் தொடங்கி அவரைப் பேராசிரியராக்கியது. பின்னாளில் இந்தியச் சமூகவியலின் பெரிய பெயராக விளங்கிய ஜி. எஸ். குர்யே அங்கே அவரிடம் பாடம் கேட்டவர். 1920-ல் ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். உடல்நலம் குன்றி 1924-ல் ஐரோப்பா திரும்பி, 1932-ல் பிரான்சில் மான்பெலியேவில் காலமானார். இந்தியாவுக்காக அவர் எழுதிய அறிக்கைகள் நகராட்சி அலமாரிகளுக்குள் போயின. 1947-ல், நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டு, நகரத் திட்ட அறிஞர் ஜாக்லின் டிர்விட் அவற்றிலிருந்து பகுதிகளைத் தொகுத்து லண்டனில் ஒரு மெல்லிய புத்தகமாக வெளியிட்டார். தஞ்சாவூர்ச் சந்துகளின் வரைபடம், பாழான வீடுகளின் குறிகளோடு, உலகின் பல நாட்டு மாணவர்கள் கைக்குப் போனது அந்தப் புத்தகத்தின் வழியாகத்தான்.

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, அதாவது ஏரிக்கரைச் சாலை, இருக்கிறது. பெயர்ப்பலகைகளில் மட்டும் ஏரி மிஞ்சியது. 2021 நவம்பர் மழையில் ஜி. என். செட்டி சாலையும் அதைச் சுற்றிய தெருக்களும் நாள்கணக்கில் நீரில் நின்றன. மாம்பலம் கால்வாயில் ஓட வழி கிடைக்காத தண்ணீர், நூறு ஆண்டுக்கு முன் தான் கிடந்த தாழ்வைத் தேடிக் கடைகளின் இரும்புக் கதவுகளுக்கு அடியில் உள்ளே போய்க்கொண்டிருந்தது.